ஒடியா ‘ஹலந்த’மும் கம்ப்யூட்டர் சாஸ்திரமும்

ஓர் எழுத்தின் காலுக்குக் கீழே இழுக்கப்படும் ஒரு சிறு கோட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதவேண்டுமா என்று தோழர்களில் சிலர் நினைக்கக்கூடும். கோடு சிறியது என்பதில் ஆட்சேபணை இல்லை. பூணூலைக்கூடத் தராசில் போட்டால் எடை ஒன்றும் தேறாது. ஆனால் அந்தக் கோட்டுக்குப் பெயர் வைத்தவர் யார், அதன் வேலை இன்னதென்று நிர்ணயித்தவர் யார், அந்த நிர்ணயத்தினால் தினந்தோறும் அல்லல்படுகிறவர் யார் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் விஷயத்தின் நீளம் தானே விளங்கிவிடும்.

நாம் சொல்லவந்தது ஒடிசா நாட்டாரின் எழுத்தைப் பற்றி. ஒடியாவில் ‘க’ என்று எழுதினால் அதற்குள்ளேயே ஓர் உயிர் ஒளிந்திருக்கின்றது. நம்முடைய ‘க’வுக்குள் அகரம் இருப்பதுபோலத்தான், ஆனால் அவர்கள் அதை ஒகரச் சாயலாய் உருட்டி உச்சரிக்கின்றார்கள். அந்த உயிரை நீக்கி மெய்யை மட்டும் நிறுத்தவேண்டுமானால் நாம் தலைமேல் புள்ளி வைக்கின்றோம். அவர்கள் காலடியில் ஒரு சாய்ந்த கோடு இழுக்கின்றார்கள். அதற்குத்தான் ‘ஹலந்த’ என்று பெயர். ‘ஹசந்த’ என்றும் சொல்லுவதுண்டு.

இந்தக் கோடு மற்ற வடநாட்டு பாஷைகளைவிட ஒடியாவுக்கு அதிக அவசியமானது. வீடு என்பதற்கு இந்திக்காரர் ‘கர்’ என்று சொல்லி வாயை மூடிவிடுவார். வங்காளி ‘கொர்’ என்பார். ஒடியாக்காரரோ ‘கொரொ’ என்று கடைசி உயிரையும் விடாமல் உச்சரிப்பார். மூவரும் எழுதுவது என்னவோ இரண்டே எழுத்துத்தான். ஆகவே இந்தியில் சொல்லின் முடிவில் கோடு போடாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எப்படியும் அந்த உயிரை உச்சரிக்கப்போவதில்லை. ஒடியாவில் விட்டால் வாய் தானாகவே ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்ளும். ‘பஸ்’ என்று எழுதவந்தவர் கடைசிக் கோட்டை விட்டுவிட்டால் அது ‘பொஸொ’ ஆகிவிடும். ‘பொஸொ’ என்றால் ஒடியாவில் ‘உட்காரும்’ என்று அர்த்தம். பஸ் நிற்குமிடம் என்று பலகை எழுதப்போனவர், உட்காரும் நிற்குமிடம் என்று எழுதிவிட்டு வரவேண்டியதுதான். இடம் பார்த்துப் படிக்கிறவர்கள் புரிந்துகொள்ளுவார்கள் என்பது வாஸ்தவம். புதிதாய் எழுத்துக் கூட்டிப் படிக்கின்ற குழந்தையும், வயது முதிர்ந்த பின் படிக்க உட்கார்ந்த கூலிக்காரனும் என்ன செய்வார்கள்?

இனிப் பெயரைப் பார்ப்போம். ‘ஹலந்த’ என்பது ஒடியாச் சொல்லல்ல. சமஸ்கிருத வியாகரணச் சொல். சிவபெருமான் நடனமாடி முடித்து உடுக்கையை 14 தடவை அடித்தாராம். அதிலிருந்து 14 சூத்திரங்கள் உதிர்ந்தனவாம். அவைகளைப் பொறுக்கிப் பாணினி இலக்கணம் செய்தாராம். அந்தச் சூத்திரங்களில் கடைசிச் சூத்திரம் ‘ஹல்’. ஐந்தாவது சூத்திரத்து ‘ஹ’வில் தொடங்கி இந்தக் கடைசி ‘ல்’லில் முடித்தால் மெய்யெழுத்துகள் எல்லாம் அடங்கிவிடுகின்றன, ஆதலால் மெய்க்கு ‘ஹல்’ என்று சுருக்கக் குறி. மெய்யில் முடிவது ஹலந்தம். பாணினி மகா மூளையுள்ள மனிதர் என்பதில் நமக்குத் தகராறில்லை. மனிதர் வாயில் ஒலிகள் எங்கே பிறக்கின்றன, எப்படி மாறுகின்றன என்று கவனித்து, அவைகளைச் சிக்கனமாய் அடுக்கி வைத்தது ஒரு மனிதனுடைய உழைப்பு. அந்த உழைப்பைத் திருடிக் கடவுளின் உடுக்கைக் கணக்கில் எழுதிவைத்ததுதான் வைதீகத்தின் கைவரிசை. மனிதன் செய்தது என்றால் இன்னொரு மனிதன் மாற்றலாம். கடவுள் கொட்டியது என்றால் யார் கைவைப்பது?

நிற்க. இந்தக் கோட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உயிரை நிறுத்துவது. ‘விராமம்’ என்ற மற்றொரு பெயருக்கு அர்த்தமே நிறுத்தம் என்பதுதான். இரண்டாவது, உயிர் போன மெய்யை அடுத்த எழுத்தோடு சேர்த்துக் கூட்டெழுத்தாக்குவது. ‘ஸ’வும் ‘த’வும் சேர்ந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கோடு போடுவதில்லை, ஒன்றின் கீழ் ஒன்றைத் தொங்கவிட்டுப் புது உருவம் செய்துவிடுகின்றார்கள். ‘ர’ முன்னே வந்தாலோ அது அடுத்த எழுத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சில கூட்டெழுத்துகளில் தாய் தகப்பன் ஜாடையே தெரியாது; ‘க்ஷ’, ‘ஜ்ஞ’, ‘ஞ்ச’ இவைகளைப் பார்த்து இன்ன எழுத்தும் இன்ன எழுத்தும் சேர்ந்தது என்று ஒரு குழந்தை கண்டுபிடித்துவிட்டால் அந்தக் குழந்தைக்குப் பரிசு கொடுக்கலாம்.

இப்போது கம்ப்யூட்டர் வந்தது. இந்திய பாஷைகளுக்கெல்லாம் ஒரே சட்டம் வகுக்கவேண்டுமென்று அரசாங்க நிபுணர்கள் கூடி ‘இஸ்கி’ என்னும் குறியீட்டைச் செய்தார்கள். 1988-ல் ஒரு வடிவம், 1991-ல் இந்தியத் தர நிர்ணயமாகவே ஒரு வடிவம். எல்லாம் பிராமியின் பிள்ளைகள்தானே என்று ஒரே வரிசையில் எல்லா எழுத்துகளையும் உட்காரவைத்தார்கள். சிக்கனத்துக்கு நல்ல யோசனை என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் கோட்டின் இரண்டு வேலைகளில் எதை முதல் வேலையாய் வைத்தார்கள் தெரியுமா? சேர்ப்பதை! ஒருதரம் அடித்தால் அடுத்த எழுத்தோடு ஒட்டிவிடும்; கோடு கண்ணுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமானால் அதையே இரண்டாம் தரமும் அடிக்கவேண்டும். நிறுத்து என்று பெயர் வைத்துவிட்டு, ஒருதரம் சொன்னால் ஓடு, இரண்டுதரம் சொன்னால்தான் நில் என்று வண்டிமாட்டைப் பழக்குகிறவன் உண்டா?

1991-ல் உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாய் வந்த ‘யூனிகோட்’ இந்த வரிசையையே எடுத்துக்கொண்டது. அங்கே இரண்டாவது கோட்டுக்குப் பதிலாக வேறோர் ஏற்பாடு செய்தார்கள். கோட்டுக்குப் பின்னால், அகலமும் இல்லாத உருவமும் இல்லாத, ஒட்டவிடாமல் தடுப்பது மட்டுமே வேலையாகவுள்ள ஓர் எழுத்தைப் போடவேண்டும். திரையில் தெரியாது; அச்சிலும் விழாது; ஆனால் உள்ளே இருக்கும். இருக்கின்றது, ஆனால் பார்க்கமுடியாது, நம்பித்தான் ஆகவேண்டும் என்ற பேச்சை நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டு மறுத்திருக்கின்றோம். இந்த ஒரு காணா எழுத்து மட்டும் மெய்யாகவே இருக்கின்றது. தொல்லையும் மெய்யாகவே கொடுக்கின்றது.

எப்படி என்று சொல்லுகின்றோம். ‘பஸ்’ என்று தனியே எழுதினால் பின்னால் ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாததால் கோடு நிற்கும். ஆனால் தனிச் சொல்லாகவே ஒரு பாஷை பேச முடியுமா? பஸ்ஸில் என்பதற்கு ஒடியாவில் ‘ரே’ சேர்க்கவேண்டும். பஸ்ஸிலிருந்து என்பதற்கு ‘ரு’. பஸ்ஸுக்கு என்பதற்கு ‘கு’. ‘பஸ்’ஸோடு ‘ரே’யைச் சேர்த்த மறுகணம், ‘ஸ்’ஸும் ‘ரே’யும் கட்டிப்பிடித்து, ‘சஹஸ்ர’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் ‘ஸ்ர’ உருவம் வந்து நிற்கின்றது. பஸ்ஸில் ஏறப்போனவன் சஹஸ்ரநாமத்தில் ஏறிவிட்டான்! ‘ஃபேஸ்புக்’ என்று எழுதினால் ‘ஸ்’ஸும் ‘பு’வும் சேர்ந்து, ‘ஸ்வாதீன’ என்பதில் வருகின்ற ‘ஸ்வ’ ஜாதி உருவமாகி, ‘ஃபேஸ்வுக்’ என்று படிக்கும்படி ஆகிறது. இதைத் தடுக்கவேண்டுமானால் நடுவில் அந்தக் காணா எழுத்தை நுழைக்கவேண்டும். அப்படியோர் எழுத்து உண்டு என்பதே டைப் அடிக்கும் சாதாரண மனிதர் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவருக்கும் கீபோர்டில் அது எங்கே ஒளிந்திருக்கின்றது என்று தேடவேண்டும். இதற்குமேல், ஓர் எழுத்துருவில் அந்தக் கூட்டெழுத்து இல்லாவிட்டால் கோடே தெரியும், இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் அனுப்பியது மற்றவர் செல்போனில் வேறு உருவமாய்த் தெரிந்தால் யாரைக் குறை சொல்லுவது?

இதிலே யாருக்குச் சௌகரியம், யாருக்குச் சங்கடம் என்று கவனிக்கவேண்டும். விஷ்ணு, கிருஷ்ண, லக்ஷ்மி என்ற பெயர்கள் யாதொரு தடையுமின்றி ராஜபாட்டையில் போகின்றன. அவைகளுக்காகவே பாதை போடப்பட்டது. ஆல்பர்ட் என்ற பெயர் என்ன பாடுபடுகின்றது பாருங்கள்: ‘ல்’லுக்கடியில் ‘ப’ தொங்குகின்றது, ‘ர்’ என்பது ‘ட்’டின் தலைமேல் ஏறிக்கொள்கின்றது. அஸ்லமுக்கும் ராபர்ட்டுக்கும் அதே கதி. கோட்டை விட்டுவிட்டு எழுதுவோரும் உண்டு. கூட்டெழுத்தாய் எழுதுவோரும் உண்டு. காணா எழுத்தை நுழைத்து எழுதுவோரும் உண்டு. ஆக ஒரே மனிதனுக்கு மூன்று பெயர். மனிதக் கண் மூன்றையும் ஒன்றென்று அறிந்துகொள்ளும். மிஷினுக்குக் கண் ஏது? எண்ணோடு எண் ஒத்துப்பார்ப்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். ஒரு ஜாபிதாவில் ஒருவிதமாகவும் மற்றொரு ஜாபிதாவில் வேறுவிதமாகவும் பெயர் ஏறிவிட்டால், தேடுகிற புரோகிராமுக்கு முன்கூட்டியே புத்தி சொல்லி வைக்காதபோது, அப்படி ஒருவரும் இல்லை என்று அது சொல்லிவிடும். ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் பெயர் ஒத்துப்பார்க்கிற காலத்தில், ‘இல்லை’ என்ற விடை ஏழையின் வயிற்றைத் தொடுகின்ற விடை என்பதை ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

இன்டர்நெட் முகவரி விஷயத்திலும் இந்தக் கூத்து நடந்தது. 2003-ல் வெளியான விதிப்படி, முகவரியில் இந்தக் காணா எழுத்து வந்தால் துடைத்துப் போட்டுவிடுவது என்று செய்துவிட்டார்கள். பிறகு 2010-ல் வெளியான புது விதியில், விராமக் குறிக்குப் பின்னால் வந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்று ஓரளவு இரங்கினார்கள். முகவரியின் கடைசிப் பகுதியாகிய மேல்மட்டப் பெயரில் இன்றும் அதற்கு இடமில்லை. கண்ணுக்குத் தெரியாத எழுத்தை வைத்து மோசடி செய்யலாம் என்று அவர்கள் பயப்படுவது நியாயமே. தெரியாத எழுத்தை அவசியமாக்கியது யார் என்பதுதான் நமது கேள்வி.

சமஸ்கிருதத்தை அளவுகோலாய் வைத்து ஒடியாவை அளப்பது கம்ப்யூட்டரோடு வந்த வியாதியல்ல. 15-ம் நூற்றாண்டில் ஒடியாவில் மகாபாரதம் எழுதிய சாரளா தாஸர் தன்னைச் ‘சூத்ரமுனி’ என்று சொல்லிக்கொண்டவர். 16-ம் நூற்றாண்டில் ஜகந்நாத தாஸர் பாகவதத்தை, வரிக்கு ஒன்பது எழுத்தாய், சாதாரண ஜனங்களுக்குப் புரியும் ஒடியாவில் எழுதியபோது, பூரியிலிருந்த பண்டிதக் கூட்டம் அதைத் ‘தேலி பாகவதம்’, அதாவது எண்ணெய் ஆட்டுகிற செக்கான் பாகவதம் என்று இகழ்ந்ததாக ஒடியா இலக்கிய வரலாற்றில் சொல்லுவார்கள். பாகவதக் கதைகளில் நமக்கு நம்பிக்கையோ மதிப்போ கிடையாது. ஆனால் அதைப் படிப்பதற்கென்றே கிராமந்தோறும் ‘பாகவத துங்கி’ என்று குடிசை போட்டார்கள். அங்கே செக்கானும் குடியானவனும் எழுத்தைக் கண்ணால் கண்டான். பண்டிதர்களுக்கு எரிச்சல் எங்கிருந்து வந்தது என்பது இதிலிருந்து விளங்கும். பின்பு 1870-ல் காந்திசந்திர பட்டாசார்யர் என்ற வங்காளப் பண்டிதர், ஒடியா தனி பாஷையே அல்ல என்று புஸ்தகம் போட்டார். பக்கீர் மோகன் சேனாபதி முதலியவர்கள் எதிர்த்து நின்றிராவிட்டால் பள்ளிக்கூடங்களில் ஒடியா எந்த மூலையில் கிடந்திருக்குமோ தெரியாது. 1936-ல் தனி மாகாணம் வந்தது. 2014-ல் செம்மொழி என்ற பட்டமும் வந்தது. இவ்வளவு போராடித் தன் காலில் நின்ற பாஷை, தன் எழுத்தின் காலில் போடுகிற ஒரு கோட்டுக்கு மட்டும் சமஸ்கிருதச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து நிற்கவேண்டுமா?

எழுத்து என்றால் இப்படித்தான் இருக்கமுடியும் என்று சொல்லுகிறவர்களை நாம் வேறெங்கும் அனுப்பவேண்டியதில்லை. ஒடிசாவிலேயே மயூர்பஞ்சுக்கு அனுப்புகின்றோம். அங்கே பிறந்த ரகுநாத் முர்மு என்ற சந்தாலி ஆசிரியர், 1925-ல் தம் ஜனங்களின் பாஷைக்கென்று ‘ஓல் சிக்கி’ என்ற எழுத்தைச் செய்தார். சந்தாலியில் சொற்களின் கடைசியில் மெய் அடைபட்டு நிற்பது சர்வ சாதாரணம். அதை ஒடியா எழுத்தில் எழுதினால் கோடு போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். முர்மு என்ன செய்தார்? மெய்க்குள் உயிரை ஒளித்துவைக்கின்ற வழக்கத்தையே விட்டுவிட்டார். மெய் மெய்யாய் நிற்கும். உயிர் வேண்டுமானால் உயிரெழுத்தைப் பக்கத்தில் போடவேண்டியது. மொத்தம் 30 எழுத்து. கூட்டெழுத்து இல்லை, காலடிக் கோடு இல்லை. 2008-ல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. காணா எழுத்தின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை. உடுக்கை அடிக்க ஒரு கடவுளும் வராமலே, ஒரு பழங்குடி ஆசிரியர் உட்கார்ந்து யோசித்துச் செய்த காரியம் இது.

உடனே சிலர், “தமிழனுக்கு ஒடியா எழுத்தில் என்ன வேலை? கூட்டெழுத்து எங்கள் அழகு, எங்கள் மரபு” என்று சொல்லக்கூடும். அழகை நாம் மறுக்கவில்லை. பனையோலை கிழியாமலிருக்க வளைத்து வளைத்து எழுதியதால் வந்ததென்று சொல்லப்படும் அந்த வட்டத் தலைகள் பார்க்க அழகாகவே இருக்கின்றன. மரியாதையாய் ‘அவருடைய’ என்று சொல்லுகிற ‘தாங்க’ என்ற சொல்லிலேகூட ஒரு கூட்டெழுத்து இருக்கின்றது. அதையெல்லாம் நாளைக்கே கொளுத்தவேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஓலைக்கு ஏற்றபடி எழுத்தை வளைத்தவன், தன் கருவிக்கும் சௌகரியத்துக்கும் தக்கபடி மாற்றினான் என்றுதானே அர்த்தம்? அவனுடைய மாறுதல் மரபாம்; இன்றைக்குச் செல்போனை வைத்திருக்கிறவன் கேட்கின்ற மாறுதல் மட்டும் மரபுக்கு விரோதமாம்!

தமிழன் வாய் திறக்கக் காரணமும் இருக்கின்றது. ஓலையில் குத்தினால் பொத்தல் விழும் என்று நம் முன்னோரும் புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள். அச்சு வந்தபின் புள்ளி நிலைத்தது. 1935-லேயே பெரியார் ‘குடிஅரசில்’ எழுத்துச் சீர்திருத்தத்தை அச்சில் காட்டினார். பாஷை அழிந்துவிடும் என்று கூவினவர்கள் கூவினார்கள், 1978-ல் அரசாங்கம் அதை ஆணையாகவே போட்டது, பாஷை அழியவில்லை. யூனிகோடிலும் தமிழுக்குப் புள்ளி போட்டால் புள்ளி தெரியும் என்பதுதான் பொது விதி. ஆனால் நம் வீட்டிலும் திருட்டுப்பூனை ஒன்று உண்டு என்பதை மறைக்கமாட்டோம். ‘ரிக்‌ஷா’ என்று நாம் எழுதுகிறபடி ‘க்’கும் ‘ஷா’வும் தனித்தனியே நிற்கவேண்டுமானால், அதே காணா எழுத்தை நாமும் நடுவில் நுழைக்கவேண்டும், இல்லாவிட்டால் சமஸ்கிருதக் ‘க்ஷ’ வந்து குந்திக்கொள்ளும். இன்னொன்றும் கேளுங்கள்: தொல்காப்பியர் காலத்திலிருந்து புள்ளி என்றே நாம் அழைத்துவருவதற்கு, யூனிகோட் புஸ்தகத்தில் பெயர் ‘தமிழ் விராமா’. நாட்டின் பெயரையே 2011-ல் சட்டம் போட்டு ‘ஒடிசா’ என்றும், பாஷையை ‘ஒடியா’ என்றும் மாற்றிய பிறகும், அந்தப் புஸ்தகத்தில் அது இன்னும் ‘ஒரியா’தான். ஒருதரம் வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விரதம். பழைய புரோகிராம்கள் கெட்டுப்போகாமலிருக்க அந்த விரதம் அவசியம் என்பதை அறிவோம். அதனால்தான் முதலில் வைக்கிறபோதே ஜனங்களைக் கேட்டு வைக்கவேண்டும் என்கின்றோம்.

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி ஒடிசாவில் 100-க்குச் சுமார் 73 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பழங்குடி ஜனங்களில் சுமார் 52 பேர்தான். இதற்குக் கூட்டெழுத்துதான் காரணம் என்று சொல்ல நமக்குப் பைத்தியமில்லை. வறுமையும் பள்ளியின்மையும் சாதியும் பெரிய காரணங்கள். ஆனால் கஷ்டப்பட்டு வாசற்படிவரை வந்துவிட்டவனுக்கு எதிரே இன்னொரு சுவர் எதற்கு?

ஒடியாத் தோழர்கள் செய்யக்கூடியவை கஷ்டமான காரியங்களும் அல்ல. யூனிகோடின் எண்ணையோ விதியையோ மாற்றவேண்டியதில்லை. கோட்டையும் காணா எழுத்தையும் சேர்த்து, ‘நிற்கும் கோடு’ என்று ஒரே விசையாய்க் கீபோர்டின் முகப்பில் வைக்கலாம். பெயர் தேடுகிற அரசாங்கப் புரோகிராம்கள், காணா எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடு விடுபட்டாலும் ஒரே பெயராய்க் கருதும்படி கட்டளை கொடுக்கலாம். முதல் வகுப்புப் பாடப்புஸ்தகத்தில் ஒவ்வொரு கூட்டெழுத்துக்கும் பக்கத்தில் கோடு போட்ட தனி உருவத்தையும் அச்சிட்டு, பிள்ளை எதை எழுதினாலும் மார்க்கு என்று சொல்லிவிடலாம். ‘ஹடாத்’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் கடைசியில் கோடு விட்டால் பிழை என்று சிவப்பு மை எடுக்கிற வாத்தியார், ‘பஸ்’ஸுக்கும் ‘கப்’புக்கும் கோடு விட்டால் சும்மா இருக்கிற வழக்கத்தையும் கொஞ்சம் விசாரிக்கலாம்.

நம்ப வேண்டாம்; சோதித்துப் பாருங்கள். ஒடியா தெரிந்த தோழர் எவரேனும் பக்கத்தில் இருந்தால், அவருடைய செல்போனில் ‘பஸ்ஸில்’ என்ற சொல்லை அவர் வாயால் சொல்லுகிறபடியே, கோடு கண்ணுக்குத் தெரியும்படி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து நமக்கு எழுதுங்கள்.